சோலார் பேட்டரிக்கு அரசு தள்ளுபடி: பணம் எந்தக் கணக்கில் வந்து விழும்?

சிட்னி டூங்காபியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. கூரையில் 6.6 கிலோவாட் சோலார் நான்கு வருடமாக ஓடுகிறது. பகலில் வீட்டில் ஆள் இல்லாததால் பாதிக்கு மேல் கரண்ட் வெளியே போய்விடுகிறது, அதற்குக் கிடைப்பதோ சில்லறைக் காசு. அதனால் பேட்டரி போடலாம் என்று இருக்கிறார். "அரசு தள்ளுபடிக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் அண்ணா? பணம் எத்தனை நாளில் வங்கிக் கணக்கில் விழும்? வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர் 40 யூனிட் பேட்டரி போட்டால்தான் லாபம், அரசே பெரும்பங்கு கொடுத்துவிடும், திட்டம் முடியப்போகிறது, இன்றே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். போடலாமா?"

முதலில் இரண்டாவது கேள்வி. தம்பி, உங்கள் கணக்கில் எதுவும் விழாது. உங்களுக்கு இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. ஊரில் அப்பா வீட்டுக் கூரையில் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் பேனல் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே முழுப் பணத்தையும் நாம் கட்ட வேண்டும். வேலை முடிந்து அதிகாரி பார்த்துப் போன பிறகு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்று மானியம் நேராக வங்கிக் கணக்கில் ஏறும். ஆஸ்திரேலியாவில் ஏற்பாடு வேறு. இங்கே உங்கள் பெயரில் ஒரு சான்றிதழ் பிறக்கிறது, அதைக் கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள், பதிலுக்கு அவர் விலையில் குறைத்துக்கொள்கிறார். நீங்கள் நிரப்ப வேண்டிய அரசு விண்ணப்பம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் செய்வது ஒரே ஒரு கையெழுத்து. அது எதற்கான கையெழுத்து என்று தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் கணக்குதான்.

திட்டத்தின் பெயர் 'சீப்பர் ஹோம் பேட்டரீஸ் புரோகிராம்'. 2025 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. கூட்டாட்சி அரசின் திட்டம் என்பதால் எந்த மாநிலத்தில் இருந்தாலும் உண்டு. வருமான வரம்பு இல்லை. வீட்டுக்கும் உண்டு, சிறு கடைக்கும் உண்டு, கோயில் மாதிரிப் பொது இடத்துக்கும் உண்டு. இதற்கென்று புதிதாக எதையும் உருவாக்காமல், கூரை சோலாருக்கு ஏற்கெனவே இருந்த எஸ்.டி.சி. என்கிற சான்றிதழ் முறைக்குள்ளேயே பேட்டரியையும் சேர்த்துவிட்டார்கள். நான்கு வருடம் முன்பு பேனல் போட்டபோதும் இதே மாதிரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், மறந்திருக்கும். அன்றைக்கு நீங்கள் கொடுத்த விலையே தள்ளுபடி போக மீதி விலைதான்.

இந்த எஸ்.டி.சி.யை வாங்கியே ஆக வேண்டும் என்று மின்சாரச் சில்லறை நிறுவனங்களுக்குச் சட்டக் கட்டாயம் இருக்கிறது. அதனால்தான் அதற்குச் சந்தையில் விலை இருக்கிறது. சான்றிதழை விற்கவும் வாங்கவும் அரசே நடத்தும் தீர்வகத்தில் ஒன்று 40 டாலர், வெளிச் சந்தையில் அதற்குச் சற்றுக் கீழே. இடைத்தரகர் கழிவு போகக் கடைக்காரர்கள் பெரும்பாலும் 35-லிருந்து 38 டாலருக்குள் உங்களுக்குக் கணக்குப் போடுவார்கள். நான் கீழே எல்லாவற்றுக்கும் 37 என்று வைத்துக்கொள்கிறேன்.

சரி, உங்கள் பேட்டரிக்கு எத்தனை சான்றிதழ்? இங்கே கிலோவாட்-அவர் என்று எழுதுவதெல்லாம் நம் ஊர் 'யூனிட்' தான். பேட்டரியின் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு எத்தனை யூனிட்டோ, அதை அந்தக் காலத்துக்கான எண்ணால் பெருக்க வேண்டும், பின்னத்தை விட்டுவிட வேண்டும். பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு என்பதைக் கவனியுங்கள். பெட்டியின் மேல் 16 என்று போட்டிருக்கும், உள்ளே எடுத்துப் பயன்படுத்த முடிவது 14 சொச்சமாக இருக்கும். தள்ளுபடி அந்தச் சின்ன எண்ணுக்குத்தான். விற்பனையாளர் வாய் பேசுவது எப்போதும் பெரிய எண்ணை.

அந்தப் பெருக்கும் எண் 2025-இல் 9.3 ஆக இருந்தது. 2026 தொடக்கத்தில் 8.4 ஆனது. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை மெல்லக் குறைப்பதாகத்தான் முதலில் திட்டம். ஆனால் ஜனங்கள் அரசு நினைத்ததைவிடப் பெரிய பெரிய பேட்டரிகளாக வாங்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் ஒதுக்கியது 230 கோடி டாலர். அது போகிற போக்கைப் பார்த்துவிட்டு 2025 டிசம்பரில் ஒதுக்கீட்டை 720 கோடி டாலராக உயர்த்தினார்கள், கூடவே விதிகளையும் இறுக்கினார்கள். 2026 மே 1 முதல் எண் 6.8. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறங்கும். 2027 ஜனவரியில் 5.7, ஜூலையில் 5.2, இப்படியே 2030 கடைசியில் 2.1 வரை போகும்.

இதோடு அளவுக்கும் ஒரு கத்தரி வைத்தார்கள். முதல் 14 யூனிட்டுக்கு முழுக் கணக்கு. 14-க்கு மேல் 28 வரை உள்ள பகுதிக்கு 60 சதவீதம். 28-க்கு மேல் 50 வரை வெறும் 15 சதவீதம். 50-க்கு மேல் ஒன்றும் கிடையாது. நம் வருமான வரிப் படிகளைத் தலைகீழாக்கியது போல. உங்கள் வீட்டுக்கு வந்த விற்பனையாளரின் பேச்சு உடைகிற இடமும் இதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 13.5 யூனிட் பேட்டரி: 6.8-ஆல் பெருக்கினால் 91.8, அதாவது 91 சான்றிதழ், 3,367 டாலர். இனி அவர் சொல்லும் 40 யூனிட். முதல் 14-க்கு 95.2, அடுத்த 14-க்கு 57.12, கடைசி 12-க்கு 12.24, கூட்டினால் 164 சான்றிதழ், 6,068 டாலர். பேட்டரி மூன்று மடங்கு, தள்ளுபடி இரண்டு மடங்குகூட இல்லை. இதே 40 யூனிட்டுக்கு 2026 ஏப்ரல் வரை 336 சான்றிதழ், 12,000 டாலருக்கு மேல் கிடைத்தது. அவர் உங்களிடம் ஒப்பித்தது அந்தப் பழைய பாடம். தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்பதை நீங்களே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தள்ளுபடியை விடுங்கள், 40 யூனிட்டை நிரப்பப் போவது எது? உங்கள் 6.6 கிலோவாட் பேனல் சிட்னி வெயிலில் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 25 யூனிட் அளவில் தரும். ஜூன், ஜூலையில் 15, 16 தந்தால் அதிகம். பகலில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று 6 யூனிட் போனால், சராசரி நாளில் மிஞ்சுவது 19, குளிர்காலத்தில் 10. உங்கள் பில்லைப் பார்த்தால் இரவுச் செலவு 11, 12 யூனிட்டைத் தாண்டவில்லை. 13, 14 யூனிட் பேட்டரி உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அடுத்த வருடம் மின்சாரக் கார் வாங்கப் போகிறேன், கூரையில் இன்னும் பேனல் ஏற்றப் போகிறேன் என்றால் 20 வரை யோசிக்கலாம். 20 யூனிட்டுக்கு 119 சான்றிதழ், 4,403 டாலர். அதற்கு மேல் போவது வருடத்தில் பாதி நாள் காலியாகக் கிடக்கும் குதிர் கட்டுவது.

ஆனால் ஒரு விஷயம். இப்போது சின்னதாக வாங்கி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் தள்ளுபடி வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு மின் இணைப்புக்கு ஒரு முறைதான். அதனால் அடுத்த நான்கைந்து வருடத் தேவையை இப்போதே உட்கார்ந்து யோசிப்பது நல்லது. இன்றைய பில்லை மட்டும் பார்த்து அளவு முடிவு செய்ய வேண்டாம்.

லாபக் கணக்கும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வாங்கும் கரண்ட் யூனிட்டுக்கு 35 சென்ட், வெளியே விடுவதற்கு 5 சென்ட் என்று வைத்துக்கொண்டால், பேட்டரி வழியாகப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 30 சென்ட் மிச்சம். நாளுக்குப் பத்து யூனிட் என்றால் 3 டாலர், வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். பெரும்பாலான பேட்டரிகளுக்கு உத்தரவாதம் 10 வருடம். தள்ளுபடி போக உங்கள் கையிலிருந்து போகிற பணம் ஏழெட்டு வருடத்துக்குள் திரும்பும்படி இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் அந்த விலை உங்களுக்குச் சரிவராது. நியூ சவுத் வேல்ஸில் நாம் வெளியே விடும் கரண்டை 2010-இல் யூனிட்டுக்கு 60 சென்ட் கொடுத்து வாங்கிய ஒரு காலம் இருந்தது, 2016 கடைசியோடு அது போயிற்று. விக்டோரியாவில் 2025-26-க்குக் குறைந்தபட்ச விலை என்று ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்தது 0.04 சென்ட். ஆமாம், ஒரு சென்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பேட்டரிப் பக்கம் எல்லாரும் ஓடுவதற்குக் காரணம் தள்ளுபடியைவிட இதுதான் என்பது என் எண்ணம்.

இனி யாருக்குக் கிடைக்கும் என்கிற நிபந்தனைகள். பேட்டரியோடு சோலார் பேனல் இருக்க வேண்டும், பழையதோ புதியதோ. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 5 யூனிட்டுக்குக் குறையாமலும் 100-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். பேட்டரியும் இன்வெர்ட்டரும் கிளீன் எனர்ஜி கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். மாடல் எண்ணை எழுத்து பிசகாமல் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே பிராண்டில் ஒரு மாடல் பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. பொருத்துபவர் எஸ்.ஏ.ஏ. எனப்படும் சோலார் அக்ரெடிடேஷன் ஆஸ்திரேலியாவின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், அதிலும் பேட்டரிக்கான அங்கீகாரம். பேனலுக்கு மட்டும் வைத்திருப்பவர் போதாது. தொடங்கும்போது, நடுவில், முடிக்கும்போது என்று மூன்று கட்டத்திலும் அவர் உங்கள் வீட்டில் நேரில் நின்று, இடம் பதிவான படம் எடுத்தாக வேண்டும். கேரேஜ் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறாரே என்று சிரிக்காதீர்கள், அந்தப் படம் இல்லாவிட்டால் சான்றிதழ் சிக்கலாகும்.

மின்கம்பியோடு இணைந்த வீடு என்றால் பேட்டரி வி.பி.பி.யில் சேரும் திறன் உள்ளதாக இருக்க வேண்டும். பலருடைய பேட்டரிகளைக் கணினி வழியாகக் கோத்து ஒரே மின்நிலையம் போல இயக்குவதுதான் வி.பி.பி. திறன் இருந்தால் போதும், சேர வேண்டும் என்று கூட்டாட்சித் திட்டத்தில் கட்டாயம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "சேராவிட்டால் தள்ளுபடி போய்விடும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் உண்டு.

மாநிலக் கதை வேறு. நியூ சவுத் வேல்ஸில் பேட்டரி பொருத்துவதற்கென்று தனியாகக் கொடுத்து வந்த ஊக்கத்தொகையை, கூட்டாட்சித் திட்டம் தொடங்கிய அன்றே நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு வி.பி.பி.யில் சேர்வோருக்கான தொகையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள். பெரிய பேட்டரிக்கு 1,500 டாலர் வரை என்று அறிவித்தது அப்போதுதான். பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள நம்மவர்களுக்கு இன்னும் வித்தியாசம். அங்குள்ள இரண்டு மின்சார நிறுவனங்களில் சினர்ஜி வாடிக்கையாளருக்கு யூனிட்டுக்கு 130 டாலர், அதிகபட்சம் 1,300, ஹொரைசன் பவர் வாடிக்கையாளருக்கு 380 வீதம் 3,800 வரை என்று அந்த மாநிலம் 2025 ஜூலையில் தொடங்கியது. அங்கே வி.பி.பி.யில் சேர்வது நிபந்தனை. மாநில விதிகள் அடிக்கடி மாறும். கையெழுத்துப் போடுகிற வாரத்தில் மாநில அரசின் தளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். வி.பி.பி.யில் சேர்வதானால் மூன்று விஷயம் கேளுங்கள்: வருடத்தில் எத்தனை முறை பேட்டரியை எடுத்துக்கொள்வார்கள், இரவுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பார்கள், நடுவில் விலகினால் அபராதம் உண்டா.

இனி அந்தக் கையெழுத்து. நீங்கள் போடுவது எஸ்.டி.சி. உரிமை மாற்றுப் படிவம். "என் வீட்டில் பொருத்திய இந்த பேட்டரிக்குப் பிறக்கும் சான்றிதழ்களை இன்னாருக்கு மாற்றித் தருகிறேன்" என்பதுதான் சாரம். அதில் உங்கள் பெயர், முகவரி, என்.எம்.ஐ. எண், பேட்டரியின் மாடல், தொடர் எண், கொள்ளளவு, சான்றிதழ் எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். என்.எம்.ஐ. என்பது உங்கள் மின் இணைப்புக்கான 10 அல்லது 11 இலக்க எண், பில்லின் ஒரு மூலையில் இருக்கும். நம் ஊர் சர்வீஸ் நம்பர் போல. இதில் ஓர் இலக்கம் பிசகினாலும் கோப்பு திரும்பி வரும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "ஆபீஸில் நிரப்பிக்கொள்கிறோம்" என்பார்கள். நிரப்பி எடுத்துவரச் சொல்லுங்கள்.

நானே விண்ணப்பித்து முழு 40 டாலரையும் வாங்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியும். முழு விலையையும் முன்பணமாகக் கட்டிவிட்டு, அரசின் பதிவேட்டில் கணக்குத் திறந்து, வேலை முடிந்து 12 மாதத்துக்குள் சான்றிதழை உருவாக்கி, இந்தச் சான்றிதழ்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கிளீன் எனர்ஜி ரெகுலேட்டர் சரிபார்க்கும் வரை பொறுத்திருந்து, அப்புறம் வாங்குபவரைத் தேட வேண்டும். தீர்வகத்தில் போட்டால் வரிசையில் நிற்க வேண்டும். 91 சான்றிதழில் ஒன்றுக்கு மூன்று டாலர் மிச்சம் பிடித்தாலும் 273 டாலர். இதற்காக இவ்வளவு அலையலாமா என்றால், நான் அலைய மாட்டேன்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியது ஒன்று. முழு விலை, சான்றிதழ் எண்ணிக்கை, ஒரு சான்றிதழுக்கு எத்தனை டாலர், கழித்த பிறகு நீங்கள் கட்ட வேண்டியது என்று நான்கும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "அரசு தள்ளுபடி போக 8,900" என்று ஒற்றை வரியில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஜி.எஸ்.டி. முழு விலைக்கும் உண்டு, தள்ளுபடிக்கு முன்பே. அதைத் தள்ளுபடிக்குப் பின் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போகாது, சண்டை வரும்.

இதைவிட முக்கியமான வரி ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருக்கும். நான் சூடு பட்டது அங்கேதான். 2025 அக்டோபரில் 13.5 யூனிட்டுக்கு ஒப்பந்தம் போட்டேன். டிசம்பர் 18-ஆம் தேதி ஆள் வந்தார், மீட்டர் பாக்ஸைத் திறந்தார், பார்த்தார், மூடினார். எங்கள் வீடு பழையது. ஃபியூஸ்கள் பதித்திருந்த கறுப்புப் பலகை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ரகம், அதை மாற்றாமல் கைவைக்க முடியாது என்றார். பலகையை மாற்ற ஆள் கிடைக்க ஜனவரி ஆகிவிட்டது. புத்தாண்டோடு எண் 9.3-லிருந்து 8.4-க்கு இறங்கியிருந்தது. 125 சான்றிதழ் 113 ஆனது. 12 சான்றிதழ், 444 டாலர். "நிறுவப்படும் நாளில் சான்றிதழ் மதிப்பு குறைந்தால் வித்தியாசத்தை வாடிக்கையாளர் ஏற்க வேண்டும்" என்று பதினோராவது பக்கத்தில் இருந்தது. நான் ஏற்றேன். பலகை மாற்றிய செலவு தனி. வீட்டுக்காரி இன்றைக்கும் அந்தப் பலகையின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்கிறாள்.

ஆக, தள்ளுபடியைத் தீர்மானிப்பது நீங்கள் ஒப்பந்தம் போட்ட தேதி இல்லை, அட்வான்ஸ் கொடுத்த தேதியும் இல்லை. வேலை முடிந்து எலெக்ட்ரீஷியன் மின்பாதுகாப்பு இணக்கச் சான்றில் கையெழுத்திடும் தேதி. ஜூன் கடைசி, டிசம்பர் கடைசி வாரங்களில் வேலை வைத்தால் கத்தி முனையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். தேதி தள்ளிப்போனால் யார் நஷ்டத்தை ஏற்பது, ரெகுலேட்டர் சான்றிதழை நிராகரித்தால் யார் ஏற்பது என்கிற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அவர்கள் தவறால் தள்ளிப்போனால் அவர்கள் ஏற்பது என்று எழுதித் தரும் கடைகள் இருக்கின்றன. ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு ஆள் வந்து மீட்டர் பாக்ஸைத் திறந்து பார்க்கட்டும், குறைந்தது நீங்கள் அனுப்பும் படத்தையாவது பார்க்கட்டும்.

"திட்டம் முடியப்போகிறது" என்பது பொய். 2030 வரை ஓடும். உங்கள் 13.5 யூனிட்டை 2026-க்குள் முடிக்காமல் 2027 ஜனவரிக்குத் தள்ளினால் 91 சான்றிதழ் 76 ஆகும், 555 டாலர் குறையும். வருத்தம்தான், ஆனால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டு ஓர் அவசர முடிவில் இரண்டாயிரம் அதிகம் கொடுப்பதைவிட மேல். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அதற்குள் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டாலும், அழைக்காமல் வாசலுக்கு வந்து விற்றவர் என்பதால் நுகர்வோர் சட்டப்படி 10 வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். "நாங்கள் அரசிலிருந்து வருகிறோம்" என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். அரசு யாரையும் பேட்டரி விற்க அனுப்புவதில்லை.

எங்கே மாட்டுவது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது, விதி தீர்மானிக்கும். கூரைக்குள் கூடாது, மாடிப்படிக்கு அடியில் கூடாது, அவசரத்தில் வெளியேறும் வழியில் கூடாது, படுக்கையறை ஜன்னலை ஒட்டி 600 மில்லிமீட்டருக்குள் கூடாது. நம்மவர் வீடுகளில் கேரேஜ் முழுக்க அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும் அடைந்திருக்கும். அங்கேதான் சுவர் கிடைக்கும், முதலில் அதைக் காலி செய்யுங்கள். கார் இடிக்கும் இடமென்றால் முன்னால் தடுப்புக்கம்பம் கேட்பார்கள், அதன் விலை கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள். மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவர் வேண்டாம். இணைப்பு அனுமதி உங்கள் பகுதியின் மின்கம்பி நிறுவனமான எண்டெவர் எனர்ஜியிடம் வாங்க வேண்டும், அதைப் பொருத்துபவரே செய்வார்.

பழைய இன்வெர்ட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. தனக்கென்று இன்வெர்ட்டர் உள்ளடங்கிய பேட்டரியை இருக்கிற சோலாரோடு அப்படியே சேர்க்கலாம். உங்களுடையது நான்கு வயதுதான், நன்றாக ஓடுகிறதென்றால் விட்டுவிடுங்கள். கூடுதல் பேனல் போட்டால் அதற்குத் தனி எஸ்.டி.சி. உண்டு, அதையும் கொட்டேஷனில் தனி வரியாகக் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஊரில் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனதும் ஃபேன் தானாகச் சுழலும் பெட்டி. அந்த நினைப்பில் இங்கே பேட்டரி வாங்கி, மின்வெட்டு வந்த இரவில் இருட்டில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். இங்கே பேட்டரி இருப்பதும் மின்வெட்டில் வீட்டில் விளக்கு எரிவதும் இரண்டு தனிச் சமாச்சாரம். அதற்கென்று மாற்றுக் கருவியும் தனி இணைப்பும் போட வேண்டும், அதற்குத் தனி விலை. தள்ளுபடிக்கு இது நிபந்தனை இல்லை என்பதால் விலையைக் குறைத்துக் காட்டக் கொட்டேஷனிலிருந்து இதைத்தான் முதலில் கழற்றுவார்கள். உங்கள் வீடு மூன்று ஃபேஸ் என்று சொன்னீர்கள். அப்படியானால் ஒரு ஃபேஸ் பேட்டரி அந்த ஒரு ஃபேஸை மட்டும்தான் காப்பாற்றும். ஃப்ரிட்ஜ், வைஃபை, சமையலறை விளக்கு, குழந்தை அறை, இந்த நான்கும் அந்த ஃபேஸில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், இல்லாவிட்டால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த அன்று, ஆள் வேனில் ஏறுவதற்கு முன்னால், மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தொடர் எண்ணும் படிவத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் பேனாவை எடுங்கள்.